இதய மாத்திரைக்குப் பதிலாக வில்லோ பட்டைக் கஷாயமா?

மூணாறுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து 37 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 62 வயது. 33 வருடம் கொழுந்து எடுத்தவர். பத்து மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, கோட்டயத்துக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஆஸ்பிரின் 75, குளோபிடோகிரெல், கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எனத் தினமும் ஐந்தாறு. மாத்திரை போட்டாலே வயிறு எரிகிறது என்கிறார் அம்மா. அதோடு இரண்டு முட்டியிலும் வலி. லயத்திலிருந்து (எஸ்டேட் வரிசை வீடு) ரோட்டுக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறதாம்.

பழைய துரை பங்களாவின் குளக்கரையில், கிளையெல்லாம் தண்ணீரைப் பார்த்துத் தொங்கும் வில்லோ மரம் ஒன்று நிற்கிறது. "ஆஸ்பிரினே இந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் வந்தது, இயற்கை என்பதால் பக்கவிளைவு கிடையாது" என்று தேனியில் இருக்கும் சித்தி மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். தம்பி பட்டை உரித்துக் கொண்டுவர, ஒன்பது நாளாகக் காலையில் ஒரு கைப்பிடி பட்டையைக் காய்ச்சி அம்மாவுக்குக் கொடுக்கிறார் இந்தச் சகோதரி. இரண்டும் ஒன்றுதானே என்று ஆஸ்பிரின் மாத்திரையை நிறுத்தியும் விட்டார். முட்டிவலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறார் அம்மா.

கேள்விகள் மூன்று. இப்படியே தொடரலாமா? மழை பிடித்தால் காய்ச்சலில் விழும் எட்டு வயது மகனுக்கும் அரை டம்ளர் கொடுக்கலாமா? வேதாகமத்தில் வரும் அலரி இந்த வில்லோதான், லயத்து வேலியில் பூத்திருக்கும் அரளியும் அதே இனம்தான் என்று சபையில் ஒரு பெரியவர் சொல்கிறார், அதன் வேர்ப்பட்டையையும் சேர்த்துக் காய்ச்சலாமா?

அன்புள்ள சகோதரி,

கடிதம் கைக்கு வந்த அன்றே, ஆஸ்பிரினை உடனே தொடங்குங்கள், மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள், அரளியைத் தொடாதீர்கள் என்று உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். அம்மா அன்று மத்தியானமே மாத்திரை போட்டுவிட்டார், மறுநாள் டாக்டரும் பார்த்துவிட்டார் என்று பதில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இதே வீடியோவை எத்தனை வீட்டில் பார்த்திருப்பார்களோ என்ற கவலையில், உங்கள் சம்மதத்தோடு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவின் வயிறு எரிவதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்ப்பவர் நீங்கள். உங்களுக்குக் கிடைத்த தகவலிலும் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

வில்லோவிலிருந்து ஆஸ்பிரினுக்கு எவ்வளவு தூரம்

1763-ல் இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டன் ஊரைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வில்லோ பட்டையை ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தவருக்கு அதன் கசப்பு, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் சின்கோனாப் பட்டையின் கசப்பை ஞாபகப்படுத்தியிருக்கிறது. ஈரமான நிலத்தில்தான் குளிர்காய்ச்சல் வருகிறது, வில்லோவும் ஈரத்தில்தான் வளர்கிறது, நோய் இருக்கும் இடத்திலேயே மருந்தும் இருக்கும் என்பது அவர் கணக்கு. பட்டையை ஒரு பையில் போட்டு, ரொட்டி சுடும் அடுப்பின் வெளிப்பக்கத்தில் மூன்று மாதத்துக்கு மேல் காயவைத்துப் பொடித்து, ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலானோருக்குக் காய்ச்சல் தணிந்தது. அவர் பயன்படுத்தியது வெள்ளை வில்லோ. உங்கள் குளக்கரையில் நிற்கும் தொங்கு வில்லோ அதற்குச் சொந்தக்கார மரம். அதே மரம் அல்ல.

1828-ல் மியூனிக்கில் யோஹான் புக்னர் பட்டையிலிருந்து கசப்பான மஞ்சள் பொருள் ஒன்றைப் பிரித்து சாலிசின் என்று பெயர் வைத்தார். 1838-ல் ரஃபேல் பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தை எடுத்தார். மூட்டுவாதக் காய்ச்சலுக்கு அந்த அமிலம் நன்றாகக் கேட்டது. ஆனால் வயிற்றைப் புண்ணாக்கியது. பிறகு 1897-ல் பேயர் நிறுவன ஆய்வகத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன், சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் என்ற சிறு தொகுதியைச் சுத்தமான நிலையில் சேர்த்துக் காட்டினார். 1899-ல் அது ஆஸ்பிரின் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இந்த அசிட்டைல் எந்த வில்லோ மரத்திலும் கிடையாது. அதாவது, வில்லோ பட்டையில் ஆஸ்பிரின் இல்லை. ஆஸ்பிரினுக்குப் பாட்டி முறையாகும் ஒரு பொருள்தான் இருக்கிறது.

"இரண்டும் ஒன்றுதானே" என்பதில் என்ன தவறு

அம்மாவுக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை வலிக்காகக் கொடுக்கவில்லை. ஸ்டென்ட் என்பது இரத்தக்குழாய்க்குள் வைத்த வலைக்குழல். இரத்தத்திலிருக்கும் தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டி ஒன்றோடொன்று சேர்ந்தால் உறைகட்டி உருவாகிக் குழாய் அடைத்துவிடும். ஆஸ்பிரினில் இருக்கும் அசிட்டைல், தட்டணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியில் போய் ஒட்டி அதை நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். அந்த ஆயுள் முழுக்க அதனால் கட்டியில் சரியாகச் சேர முடியாது. புதுத் தட்டணுக்கள் தினமும் பிறப்பதால்தான் மாத்திரையும் தினமும்.

வில்லோ கஷாயம் உடம்புக்குள் சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. வலியும் வீக்கமும் ஓரளவு குறையலாம். பூட்டும் வேலை அதற்குத் தெரியாது. தட்டணுவில் அதன் பாதிப்பு மிகவும் குறைவு. ஆக, அந்த ஒன்பது நாளில் அம்மா ஏதோ ஒரு ஆஸ்பிரினில் இருக்கிறார் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். உண்மையில் அவர் ஆஸ்பிரின் இல்லாமல் இருந்தார். நல்லவேளையாக, தட்டணுக்கள் சேராமல் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோகிரெலை நிறுத்தவில்லை. ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் இவற்றில் எதையும் இதய டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட விடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

அப்படியானால் மாத்திரையும் போட்டுக் கஷாயமும் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஏற்கனவே இரத்தம் உறையாமலிருக்க இரண்டு மருந்து எடுப்பவருக்கு, வயிற்றை உறுத்தும் இன்னொன்றைச் சேர்த்தால் உள்ளே இரத்தக் கசிவு வர வழியாகும். மலம் தார் போல் கறுத்துப் போனாலோ, வாந்தியில் காப்பித்தூள் மாதிரி வந்தாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சில் பாரம், இடது கை, தாடை வலி என்றாலும் அப்படியே.

வயிற்று எரிச்சலுக்கு வழி இருக்கிறது. ஆஸ்பிரினை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்டபின் போடச் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை டாக்டரே சேர்த்துத் தருவார். அதையும் நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம், ஏனென்றால் எல்லாரும் கேட்டு வாங்கும் ஓமிப்ரசோல், குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கும். பான்டோப்ரசோல் போல அந்தத் தொந்தரவு குறைந்தவற்றை அவர் தேர்ந்தெடுப்பார். "மாத்திரை ஒத்துக்கலை" என்று டாக்டரிடம் சொல்லத் தயங்கி வீட்டிலேயே நிறுத்துகிறவர்களை நான் அதிகம் பார்க்கிறேன். சொன்னால் மாற்றித் தருவோம். திட்ட மாட்டோம். திட்டினாலும் சொல்லிவிடுங்கள்.

பட்டைக்கு மருத்துவ குணம் உண்டா என்றால், உண்டு. தொங்கு வில்லோவின் தாய்நாடு சீனா. அங்கே அதன் இலையையும் கிளையையும் பட்டையையும் காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் பல நூற்றாண்டாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் இந்த மரத்துக்கு மஜ்னூனின் வில்லோ என்று பெயர். காதலில் தலைவிரித்து நிற்பவனைப் போல் இருக்கிறதல்லவா. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ், வில்லோ பட்டையை எரித்த சாம்பலைக் காடியில் குழைத்துக் காலாணிக்கும் மருவுக்கும் போடச் சொன்னார். இன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் காலாணி பிளாஸ்டரில் இருப்பதும் சாலிசிலிக் அமிலம்தான். (அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அந்தப் பிளாஸ்டரையும் காலில் ஒட்ட வேண்டாம். சதை அரித்துப் புண்ணானால் ஆறாது.)

ஐரோப்பிய மருந்து முகமையும் இடுப்புவலிக்குக் குறுகிய காலத்துக்கு வில்லோ பட்டைச் சாற்றை ஏற்றிருக்கிறது. அது அளந்து தயாரித்த மாத்திரை. ஆய்வுகளில் நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் சாலிசின் வரை கொடுத்தார்கள். அவ்வளவு கொடுத்தும் இரத்தத்தில் ஏறும் சாலிசிலிக் அமிலம், 100 மில்லிகிராமுக்கும் குறைந்த ஆஸ்பிரின் போட்டால் வரும் அளவுதான். உங்கள் கைப்பிடிப் பட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மரத்தின் இனம், வயது, உரித்த மாதம், கிளையா அடிமரமா என்பதற்கேற்ப அது மாறும். இதய நோயாளிக்கு அளவு தெரியாத மருந்து கொடுப்பது இருட்டில் படி இறங்குவது மாதிரி.

அலரியும் அரளியும்

உங்கள் கடிதத்தில் என்னை நடுங்க வைத்தது இந்த மூன்றாவது கேள்விதான்.

137-ம் சங்கீதத்தில், பாபிலோன் ஆறுகளின் அருகே உட்கார்ந்து அழுதவர்கள் தங்கள் கின்னரங்களை "அலரிச்செடிகளின்மேல்" தூக்கிவைத்தார்கள் என்று வருகிறது. மலையாள வேதாகமத்திலும் அலரி என்றே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வில்லோ. அதனால் பெரியவர் சொன்னதில் அவ்வளவு தூரம் நியாயம் உண்டு. ஆனால் தமிழில் அலரி என்பதும் அரளி என்பதும் ஒரே செடியின் பெயர். வில்லோவுக்கு நம் ஊரில் பழகிய பெயர் இல்லாத நாளில், மொழிபெயர்த்தவர்கள் கைக்கு எட்டிய ஆற்றோரச் செடியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். பெயர்தான் கடன். செடி அதுவல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ், அந்தச் சங்கீதத்தை மனதில் வைத்தே தொங்கு வில்லோவைப் பாபிலோன் வில்லோ என்று அழைத்தார். அதுவும் பிழை. மரம் சீனாவிலிருந்து வணிகப் பாதை வழியே மேற்கே போனது. பாபிலோன் ஆற்றங்கரையில் நின்றது யூப்ரடீஸ் பாப்லர் என்ற வேறு மரம் என்றே இன்று கருதுகிறார்கள். ஒரு பெயர் இரண்டு முறை இடம் மாறிப் போய், கடைசியில் உங்கள் அடுப்பங்கரை வரை வந்திருக்கிறது.

அரளியின் வேர், பட்டை, இலை, பூ, விதை எல்லாமே விஷம். அதிலிருக்கும் ஒலியாண்ட்ரின் நேரே இதயத்தைத் தாக்கும். காய்ச்சினாலும் போகாது, உலர்த்தினாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கி, நாடி மெதுவாகித் தாறுமாறாகும். செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் பூப்பூக்கும் தங்க அரளி, எதுவானாலும் இதே கதிதான். கேரளத்தில் அரளி விஷம் பற்றிய அச்சம் எழுந்தபோது, 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவெடுத்தன. இதைச் சபையில் அந்தப் பெரியவரிடமே சொல்லுங்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். வேறு யாரிடமும் சொல்வதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டும். வேலியை வெட்டத் தேவையில்லை. வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும்.

நம் மலையிலேயே வில்லோ இனம் ஒன்று உண்டு. தமிழில் ஆற்றுப்பாலை, வஞ்சி என்பார்கள். மலையாளத்திலும் ஏறக்குறைய அதே பெயர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடையை ஒட்டி நிற்கும், கிளை தொங்காது. அதன் பட்டையையும் நாட்டு வைத்தியத்தில் காய்ச்சலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன எச்சரிக்கை முழுவதும் அதற்கும் பொருந்தும்.

பையனுக்கு ஒரு மடக்குகூட வேண்டாம்

1963-ல் ஆஸ்திரேலியாவில் டக்ளஸ் ரே என்ற நோய்க்குறியியல் மருத்துவர், குழந்தைகளின் மூளையும் கல்லீரலும் சேர்ந்து கெடும் ஒரு நோயை விவரித்தார். சளிக்காய்ச்சலோ அம்மையோ வந்திருக்கும்போது ஆஸ்பிரின் கொடுத்த பிள்ளைகளிடம் அது அதிகம் காணப்படுவது பின்னால் தெரிந்தது. அரிதுதான், வந்தால் உயிர் போகும். அதனால்தான் இன்று பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதில்லை. வில்லோ அதே குடும்பம் என்பதால் 18 வயதுக்குக் கீழ் அதுவும் வேண்டாம் என்கிறார்கள்.

நம் பக்கத்து மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. டெங்குவா, எலிக்காய்ச்சலா, வெறும் சளியா என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. டெங்குவாக இருந்தால் இந்த வகை மருந்துகள் இரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போகாமல் கொடுங்கள். கஞ்சியும் தண்ணீரும் நிறைய. இரண்டு நாளில் இறங்காவிட்டால் இரத்தப் பரிசோதனை. விடாத வாந்தி, வயிற்றுவலி, சோர்ந்து படுத்துவிடுதல், மூத்திரம் குறைதல் என்றால் இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

முட்டிக்கு

முப்பது வருடம் சரிவில், முதுகில் கூடையோடு, ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்ற முட்டி அது. இப்படிப்பட்ட முட்டியில் உள்ளங்கையை வைத்துக் காலை மடக்கி நீட்டச் சொல்வேன். கைக்குள் மணல் அரைபடுகிற மாதிரி நறநறக்கும். அந்தத் தேய்மானத்தை எந்தக் கஷாயமும் எந்த மாத்திரையும் பழையபடி ஆக்காது. ஆனால் முட்டியைத் தாங்கும் தொடைத் தசையை இந்த வயதிலும் வலுவாக்கலாம். வலி குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மாவைக் கட்டிலில் கால்நீட்டி உட்காரச் சொல்லுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். துண்டை நசுக்குவது போல் முட்டியைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முதல் வாரம் சலிப்பாக இருக்கும். ஆறு வாரம் விடாமல் செய்யச் சொல்லுங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைக் கெடுக்கும், எனவே இறங்கும்போது கையில் கம்பு கட்டாயம். எந்த முட்டியில் வலி அதிகமோ அதற்கு எதிர்க் கையில் கம்பைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

கொட்டஞ்சுக்காதி போன்ற தைலத்தைச் சூடாக்கி மேலே தேய்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வலிக்குப் பாராசிட்டமால், பூசும் ஜெல் இவற்றை டாக்டரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். கூடாதது, முட்டுவலி என்றதும் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் செட் மாத்திரை. அதில் ஐபுபுரூஃபன் இருந்தால் ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கும். ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை எகிறும். சித்த, ஆயுர்வேத வைத்தியம் பார்க்க விரும்பினால், பட்டம் பெற்றுப் பதிவு செய்த வைத்தியரிடம் போய், மாத்திரைச் சீட்டை முதலில் அவர் கையில் கொடுத்து, ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

மாதாந்தர மாத்திரைக்குக் குடும்ப ஆரோக்கிய மையத்துக்குப் போகும்போது, மிச்சமிருக்கும் பட்டையில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒன்பது நாள் என்ன குடித்தார் என்பது அம்மாவின் சீட்டில் ஏற வேண்டும். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

தம்பியிடம் ஒரு வார்த்தை. அடிமரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் சுற்றிவர உரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வளையமாகப் பட்டை போனால் இலை செய்யும் உணவு வேருக்கு இறங்காது, மரம் பட்டுவிடும். ஒருவேளை நாலு விரல் அகலத்துக்காவது பட்டை விட்டுப்போயிருந்தால் பிழைக்கும், மேற்கொண்டு தொட வேண்டாம். முழு வளையமும் போயிருந்தால், இப்போதே விரல் தடிமனில் இரண்டு மூன்று குச்சிகளை ஒடித்துக் குளக்கரை ஈரத்தில் ஊன்றிவைக்கச் சொல்லுங்கள். வில்லோ குச்சியிலேயே சுலபமாக வேர்விடும். வீட்டுச் சுவருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பக்கத்தில் மட்டும் ஊன்ற வேண்டாம், ஈரத்தைத் தேடி வேர் குழாய்க்குள்ளேயே புகுந்துவிடும்.